எப்பவும் இதே முகம்தான்

டாக்டர் என்னைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். “சிரிங்கம்மா” என்றார் மறுபடியும். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் கணவரிடம், “முகம் எப்போலேருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“எப்பவும் இதே முகம்தான் சார்” என்றார் கணவர்.

டாக்டர் அதை நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார்? தாலி கட்டினவர் சொல்கிறார். மறுநாள் காலையில் நான் குடித்த காப்பி வாயின் இரண்டு ஓரமும் வழிந்து ஆஸ்பத்திரிப் போர்வையை நனைத்த பிறகுதான், என் முகத்தின் இரண்டு பக்கமும் செயலிழந்துபோனது அவருக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் கோணல் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டு பக்கமும் ஒழுங்காக, ஒரே அளவில் போயிருந்தது. கணக்கு டீச்சருக்கு வந்த நோய் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ்ஸில் வயல்களுக்கு நடுவே போனால் எங்கள் ஊர். கணவருக்கு அங்கே உரக்கடை, கொஞ்சம் வயல். நான் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். கணக்கு எடுக்கிற பெண் வகுப்பில் சிரித்தால் என்ன ஆகும் என்பது, சிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் நான் சிரிப்பதில்லை. வீட்டில் சிரித்திருக்கிறேன். கணவர் அந்த நேரத்தில் கடையில் இருந்திருப்பார் போலிருக்கிறது.

இதற்கெல்லாம் ஆரம்பம் ஒரு கோழி.

எங்கள் வீடு சைவம். யாராவது கேக் கொண்டுவந்தால் அதை வாசலிலேயே வைத்து, முட்டை உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே எடுப்போம். அப்படிப்பட்ட வீட்டில் என் ஒரே மகள், தான் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். பையனுக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. அம்மா அந்த ஊரிலேயே தையல் கடை நடத்தி வளர்த்த பிள்ளை. எல்லாம் சரிதான். ஆனால் அவர்கள் வீட்டில் மீன் உண்டு, கோழி உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆடும் உண்டு.

“மீன் சட்டி கழுவுகதுக்கா ஒன்ன எம்.எஸ்ஸி. படிக்க வச்சேன்?” என்று கேட்டேன்.

“அதுக்கு பி.எஸ்ஸி. போதும்மா” என்றாள் மகள். வாய் என்னிடமிருந்து வந்தது.

அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா எனக்குத் துணைக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்ணை மைனி என்றுதான் கூப்பிட வேண்டும். “அந்தத் தையல்காரிய மைனின்னு கூப்பிட ஒனக்கு நாக்கு வருமாட்டி?” என்று அக்கா கேட்டாள். வராது என்றேன். வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அது ஆரல்வாய்மொழி வரை கேட்டுவிட்டது. பையனின் அம்மாவிடமிருந்து பதில் வந்தது: “அந்த டீச்சர் சிரிச்ச முகத்தோட என்னக் கூப்பிடட்டும், வாறேன். இல்லேண்ணா அந்தப் படி கேற மாட்டேன். எனக்க பிள்ளைக்குப் பெண்ணா கிடைக்காது?”

நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாகச் சொல்லியிருப்பேன்.

மகள் அழவில்லை, சாப்பிடாமல் படுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை துணி எடுக்கலாம் என்று என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். துணிக்கடைக்குப் போகும் வழியில், மாடியில் இருந்த ஒரு ஏசி ஹோட்டலுக்குள் நுழைந்து, மூலை மேஜையில் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, பொரித்த கோழி சொன்னாள்.

“தின்னு பாத்துட்டு வேண்டாம்னு சொல்லும்மா. தின்னாம சொன்னா அது நிரூபணம் இல்லல்லா.”

இருபத்தைந்து வருடமாக நான் பிள்ளைகளிடம் சொல்லிவருகிற வாக்கியம் அது. எனக்கு எதிராகத் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. முதல் துண்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்தேன். இரண்டாவது துண்டுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நன்றாக இருந்தது. அதுதான் சங்கடம். எலும்பை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். கோழி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் ஒப்பிட வேறு கோழி இல்லை. “இன்னொரு பிளேட் சொல்லட்டா?” என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஏலக்காயை மென்றுகொண்டே, “அவங்கள வரச் சொல்லு” என்றேன். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலமே அந்த அம்மாவுக்கு நானே போன் பண்ணினேன். “போன்ல சிரிப்பு தெரியாது டீச்சர். நேர்ல பாத்துக்கிடுதேன்” என்றார். ஜோசியரிடம் கேட்டு, வந்து பேசி உறுதி செய்ய மூன்று மாதம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வயிற்றுப்போக்கு. கணவர் பள்ளிக்கூடத்துத் தண்ணீரைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். வயிறு சரியாகி, நான் அதை மறந்த பிறகு, ஒருநாள் காலையில் பாதம் இரண்டும் மரத்துப்போய், காலுறை போட்ட மாதிரி இருந்தது. பார்த்தேன், காலுறை இல்லை. மறுநாள் பஸ்ஸில் ஏற முழங்கால் மறுத்தது. கண்டக்டர், “டீச்சர், கேறுங்க, வண்டி போகணும்” என்றார். கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறினேன். அன்று கடைசி வகுப்பில் மணி அடித்த பிறகும் என்னால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நான் எழாததால் பிள்ளைகளும் எழவில்லை. அவர்கள் ஏற வேண்டிய பஸ்ஸும் போன பிறகுதான் ஒருத்தி தைரியமாக, “மிஸ், நாங்க போட்டா?” என்று கேட்டாள். அவளிடம்தான் ஹெட்மாஸ்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைச் சிரிக்கச் சொன்னதும், கணவர் சாட்சி சொன்னதும்.

காப்பி வழிந்த அன்று டாக்டர் விவரமாகச் சொன்னார். ஜி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் நோய். உடம்புக்குள் ஏதாவது கிருமி வந்தால், அதை அடிக்க உடம்பு ஆள் தயார் பண்ணும். அந்தக் கிருமியின் சாயல் நம் நரம்பிலும் இருந்துவிட்டால், கிருமியை அடிக்க வந்த ஆட்கள் நரம்பையும் அடிப்பார்கள். கரண்டு வயருக்கு மேலே ரப்பர் இருப்பதுபோல நரம்புக்கு மேலே ஒரு உறை உண்டு. அதைத்தான் உரிப்பார்கள். வயர் வெளியே தெரிந்தால் கரண்டு எப்படிப் போகும்? காலில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலும் திரும்பச் சரியாகிவிடும், ஆனால் ஏறும்போது மூச்சுத் தசையைப் பிடித்துவிடக் கூடாது. அவ்வளவுதான் என்று முடித்தார். ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை டாக்டர்கள் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்பதை அன்று கவனித்தேன்.

“சமீபத்துல வயிறு ஏதும் கெட்டுதா?” என்று கேட்டார்.

“கெட்டுது சார். ஸ்கூல் தண்ணி” என்றார் கணவர்.

“சரியா வேகாத கோழியில ஒரு கிருமி உண்டு. அதுக்குப் பிறகு இது வரலாம். கோழி ஏதும்...”

“சார், நாங்க சைவம்” என்றார் கணவர். அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நோயால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான். மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் பின்னாலேயே வராந்தாவுக்குப் போய்க் கோழியைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தாள். என் அக்காவின் வீட்டுக்காரர், கொரோனா ஊசிதான் காரணம் என்று டாக்டரிடம் வாதாடினார். எப்போதாவது அபூர்வமாக ஒரு தடுப்பூசிக்குப் பிறகும் இது வருவதுண்டு, ஆனால் அந்த ஊசி போட்டுத்தான் வருடக்கணக்காகிவிட்டதே, இது வயிற்றிலிருந்து வந்தது என்றார் டாக்டர். அத்தானுக்குத் திருப்தி இல்லை. கோழி என்ற பதிலைக் கேட்டிருந்தால் இன்னும் திருப்தி இருந்திருக்காது.

கையில் மருந்து ஏற்றினார்கள். பல பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சக்தி அது என்று நர்ஸ் சொன்னாள். “ரத்தம் குடுத்தவங்க சைவமா?” என்று அக்கா கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று அடிக்கடி எண்ணச் சொன்னார்கள். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ரெட்டைப்படையாக எண்ணட்டுமா என்று நர்ஸிடம் கேட்டேன். அடுத்த நாள் முந்தின நாள் எட்டிய எண்ணை எட்ட முடியவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. அப்போது பயந்தேன். எண்கள் என்னைக் கைவிட்டதில்லை, அதுவரை. மகள் கட்டில் ஓரத்தில் நின்று, நான் எண்ணும்போது சத்தமில்லாமல் கூடவே உதட்டை அசைப்பாள். நான் நின்ற இடத்துக்கு மேலேயும் அவள் உதடு இரண்டு எண் போகும். இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் எண்ணிக்கை கூடியது. அதற்குப் பிறகு கூடிக்கொண்டே வந்தது.

இதெல்லாம் நடப்பது ஆரல்வாய்மொழிக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கல்யாணம் உறுதியாகும் வரை வீட்டில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது. சர்க்கரைகூடத் தாலி ஏறிய பிறகுதான் வரும். “நரம்பு வியாதின்னு ஒரு வார்த்தை காதுல விழட்டும், பிள்ளைக்கும் வரும்னு சொல்லிருவாவ” என்றாள் அக்கா. பையனிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கினாள். கேட்டவர்களுக்கு, நான் மதுரையில் டிரெயினிங்கில் இருந்தேன். அதில் எனக்கும் சம்மதம்தான். நோயாளி வீடு என்று பெயரெடுக்க யாருக்கு ஆசை?

வீட்டுக்கு வந்து, நடைவண்டியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பிறகு ஒன்றையும் பிடிக்காமல் நடந்தேன். கால் வந்துவிட்டது. முகம் மட்டும் வரவில்லை. அது பைய வரும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். கண்ணை மூட முடியாது. மூடப் பார்த்தால் கருவிழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரியும். கணவர் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, கட்டிலில் மறுபக்கம் தலைவைத்துப் படுக்க ஆரம்பித்தார். தூங்கும்போது இமையை பிளாஸ்திரி வைத்து ஒட்டிக்கொள்வேன். பகலில் கண் காய்ந்துபோய், அதற்காகவே தண்ணீர் விடும். அழுகை இல்லை, வெறும் கசிவு.

பேச்சும் குழறியது. அம்மா, அப்பா, மாமா, பால், பழம், மோர் என்று வீட்டில் புழங்குகிற பாதிச் சொற்களுக்கு உதடு சேர வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் உதடு சேராது. மகள்தான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு விரலால் உதட்டைக் கவ்விச் சேர்த்துப் பிடித்து, பிறகு விட வேண்டும். அப்படி நான் முதலில் சொன்ன சொல் ‘மக்கா’. அவளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவள் உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தள்ளிப்போடலாம் என்று நான் சொன்னேன். தள்ளிப்போட்டால் டீச்சர் மறுபடியும் மனசு மாறிவிட்டாள் என்று நினைப்பார்கள், அதோடு முடிந்தது என்றாள் மகள். அவள் சொன்னது சரி. எனவே அக்கா திட்டம் போட்டாள். நான் கூடத்தில் தள்ளி, ஜன்னலுக்கு முதுகு காட்டி, மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும். கும்பிட வேண்டும். பேசக் கூடாது. எதையும் குடிக்கக் கூடாது. மற்றதை அவளும் என் கணவரும் பார்த்துக்கொள்வார்கள்.

பையனும் அவன் அம்மாவும் அம்மாவின் அண்ணனும் வந்தார்கள். அந்த அம்மா நல்ல உயரம். படிக்குக் கீழேயே நின்று, உள்ளே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அவர் எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து கும்பிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். என் முகத்தில் ஒன்றும் வரவில்லை. “வாங்க, வாங்க, உள்ள வாங்க” என்று கணவர் வயலில் ஆள் கூப்பிடும் குரலில் கூப்பிட்டார். அந்த அம்மாவின் அண்ணன் முன்னால் படி ஏறிவிட்டதால் அவரும் ஏறினார்.

மகள் காப்பியும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து வைத்தாள். பையன் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்தான். நல்ல பையன்தான். பேச்சு மழையைப் பற்றி, ரயிலைப் பற்றி, காற்றாலையின் உயரத்தைப் பற்றிப் போனது. அந்த அம்மா ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர் காப்பி குடிக்கலியா?”

“பல்வலி” என்றார் கணவர்.

“சஷ்டி விரதம்” என்றாள் அக்கா, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டத்தில் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்று பிரித்திருக்கவில்லை.

“சஷ்டி முந்தாநாளே போயிட்டே” என்றார் அந்த அம்மா. “நானும் விரதம் இருக்கப்பட்டவதான்.”

மின்விசிறி என் தலைக்கு மேலே முழு வேகத்தில் சுற்றியது. எனக்கு வியர்க்கக் கூடாது என்று அக்கா வைத்தது. மூடாத கண்ணில் அந்தக் காற்று பட்டால் என்ன ஆகும் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதலில் இடது கண்ணிலிருந்தும் பிறகு வலது கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. துடைத்தால் இன்னும் மோசமாகத் தெரியும் என்று துடைக்காமல் இருந்தேன்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “அண்ணா, எழும்புங்க” என்றார். பிறகு என்னிடம், “டீச்சர், மனசில்லேண்ணா நேராச் சொல்லிருக்கலாம். நாங்க மீன் திங்கப்பட்ட ஆளுவதான். எங்களுக்க முன்னால ஒரு வாய் காப்பி குடிச்சா தீட்டாயிருமா? கூப்பிட்டு உக்கார வச்சு அழுது காட்டணுமா?” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பையன் எழுந்து நின்று அடுப்படி வாசலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். மகள் அங்கே நின்றாள். நெற்றி சுருங்கியது, புருவம் ஏறியது, மூக்கு விடைத்தது, கீழுதடு துடித்தது, தாடை நடுங்கியது. முகத்தில் எத்தனை தசை இருக்கிறது என்று டாக்டர் படம் காட்டிச் சொன்னதெல்லாம் அவள் முகத்தில் ஒன்று விடாமல் வேலை செய்துகொண்டிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடவும் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அக்காமீதா, கணவர்மீதா, கோழிமீதா என்று பார்க்க நேரமில்லை. எழுந்துபோய் அந்த அம்மா கீழே வைத்த டம்ளரையே எடுத்து, அவர் குடித்து மீதி வைத்த காப்பியை ஒரே மூச்சில் வாயில் ஊற்றினேன். பாதி உள்ளே போனது. மீதி இரண்டு ஓரமும் வழிந்து, தாடையில் இறங்கி, பட்டுச்சேலையில் கொட்டியது. அக்கா “ஐயோ” என்றாள். நான் டம்ளரை வைத்துவிட்டு, இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“முகம் செத்துப்போச்சு” என்றேன். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. “அழல. கண்ணு மூடாது. ஆஸ்பத்திரியில கெடந்தேன். பயந்து மறைச்சோம்.”

அந்த அம்மா அசையாமல் நின்றார்.

“கோழி தின்னேன்” என்றேன்.

பையன் என் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

“ஒங்க வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும்னு பாக்க. நாகர்கோவில்ல. அதுல வந்தது இது.”

அக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தாள். கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, டாக்டரிடம் தான் நிமிர்ந்து நின்று சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தரையைப் பார்த்தார். அவர்கள் இருவர் முகத்திலும் எல்லாம் தெரிந்தது.

“ரெண்டு பிளேட் அத்தே” என்றாள் மகள், அடுப்படி வாசலிலிருந்து. அவள் அந்த அம்மாவை அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“எந்தக் கடையில?” என்றார் அவர்.

மகள் சொன்னாள்.

“சவம், அங்கயா? அவன் என்னைக்கு வேக வச்சிருக்கான்?” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். இப்போது குரல் உயர்ந்துவிட்டது. “கடையில எதுக்குத் தின்னிய? எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? எலும்புல ஒட்டாம வேக வச்சுக் கொண்டுவந்து தரமாட்டனா? இப்படி முகத்தத் தொலைச்சிட்டு வந்து நிக்கியளே!” திட்டிக்கொண்டே தன் முந்தானையை எடுத்து என் தாடையைத் துடைத்தார். பிறகு கன்னத்தையும் துடைத்தார்.

சிரித்த முகத்தோடு கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இரண்டு ஆள்காட்டி விரலையும் வாயின் இரண்டு ஓரத்தில் வைத்து மேலே தள்ளினேன். கண்ணாடியில் நான் அதற்கு முன்பு செய்து பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். மைனி என்றும் சொல்ல வேண்டும். அதற்கு விரல் உதட்டுக்கு வேண்டும். சிரிக்கவும் வேண்டும், கூப்பிடவும் வேண்டும், இருப்பது இரண்டு கை. எனவே முதலில் சிரித்தேன். பிறகு கையை மாற்றி உதட்டைப் பிடித்து, “மைனி” என்றேன். பிறகு மறுபடியும் கையை மாற்றிச் சிரித்தேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எங்கேயோ நடுவில் அது அழுகையாகிவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, “போதும் மைனி, கைய எடுங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு” என்றார்.

தட்டை அன்றே மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா, ஆற்றில் தலைமுழுகு, இல்லாவிட்டால் உன் வீட்டில் இனிமேல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றாள். ஆற்றில் கால் நிற்காது, டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று மகள் பதில் சொன்னாள். டாக்டர் ஆற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கணவர் சாயங்காலம் வரை வயலில் இருந்தார். விளக்கு வைத்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நல்லா இருந்துதா?” என்று கேட்டார்.

“இருந்தது” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, நான் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறேன். முகத்தில் ஒன்றும் இல்லாததால் கண்ணைப் பார்த்தார் போலிருக்கிறது. எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் நான் கேட்பதற்கு முன்னால் எழுந்து போவார். ஒருநாள் அத்தான் என்னவோ அசட்டுத்தனமாகச் சொன்னபோது, “ஏன் சிரிக்கே?” என்று என்னிடம் கேட்டார். என் முகம் அசைந்திருக்கவில்லை. உள்ளே சிரித்தது உண்மைதான்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அதற்குள் கண் பாதி மூட ஆரம்பித்திருந்தது. உதடு சேர்ந்தது, சொற்கள் விரல் இல்லாமல் வந்தன. கன்னம் மட்டும் இன்னும் வரவில்லை. மைனி வாசலில் என் பக்கத்திலேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம் எனக்கும் சேர்த்துச் சிரித்தார். அவருக்கு அது அதிக வேலைதான்.

தாலி கட்டி முடிந்து, மணமக்களுக்கு இரண்டு பக்கமும் எங்களை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பேன் என்று, ஒரே மூச்சில் எண்ண முடியாமல் கிடந்த நாளில் நான் நினைக்கவில்லை. போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா. பொண்ணு கல்யாணம்லா?”

விரலை எடுத்து ஓரத்தில் வைக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் மறுபக்கத்திலிருந்து கணவர் பேசினார்.

“அவ சிரிச்சிட்டுத்தான் இருக்கா. நீரு எடும்.”